அக்சகலுக்குத் திறக்காத கதவு

பிப்ரவரி 6, திங்கள்

அக்சகல் காலையிலிருந்து பல்லைக் கடிக்கிறது. கெட்டில் கொதிக்கிற சத்தம் என்று முதலில் நினைத்தேன். கெட்டிலை அணைத்த பிறகும் கேட்டது. க்ர்ர்ர் — கொஞ்சம் அமைதி — டக். மறுபடி க்ர்ர்ர். டிஸ்க்தான். பதினொரு வருடமாக ஓடுகிற டிஸ்க்.

எங்கள் காசநோய் மருத்துவமனைக்கு இருக்கிற ஒரே சர்வர் அது. எனக்கு முன்னால் இந்தக் கணினி வேலையில் இருந்த செர்கேய் கணக்கறைக் கணினிகளுக்குத் தங்கம், வெள்ளி, செம்பு என்று உலோகங்களின் பெயர்களை வைத்துவிட்டுப் போனான். இதற்கு மட்டும் அக்சகல், அதாவது வெண்தாடிப் பெரியவர், என்று நான் பெயர் வைத்தேன். ஏழு வருடத்தில் வெண்தாடி நிஜமாகவே முளைத்துவிட்டது; விசிறியின் வாயில் அவ்வளவு தூசி.

நோயாளிப் பதிவுகளின் நகல் இனி நெட்வொர்க் வழியே தலைநகர் மையத்துக்குப் போக வேண்டும், கையடக்க டிஸ்க்கில் எடுக்கவே கூடாது என்று புத்தாண்டோடு உத்தரவு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மார்ஷ்ருத்கா வேனில் பையை மறந்துவிட்டு இறங்கியதன் பலன். ஜனவரி முழுக்க நாளை நாளை என்று தள்ளினேன். இன்று தொடங்கினேன். வந்த பதில் ஒரே வரி: அணுகல் மறுக்கப்பட்டது.

என் பெயரில் நுழைந்து பார்த்தால் மையத்து ஃபோல்டர் ஜம்மென்று திறக்கிறது. ஒரு கோப்பை எழுதினேன், அழித்தேன். எனக்குத் திறக்கிற கதவு அக்சகலுக்கு ஏன் திறக்கவில்லை?

பிப்ரவரி 7, செவ்வாய்

காரணம் தெரியும். டேட்டாபேஸின் நகலை எழுதுவது நான் இல்லை, பெட்டிக்குள் ஓடுகிற சேவை. அது வெளியே போகும்போது பெட்டியின் பெயரில்தான் போகும். ஆகவே அனுமதி எனக்கு இருந்து பயனில்லை, பெட்டிக்கு வேண்டும்.

மையத்தில் எர்னிஸ் என்று ஒருவன் இருக்கிறான். நல்ல பையன், அவசரக்காரன்.

"அக்கா, எந்த சர்வர்லேருந்து வரும்? பேரச் சொல்லுங்க."

"அக்சகல்."

"அப்படி ஒண்ணு லிஸ்ட்ல காணோமே... சரி விடுங்க, நானே புதுசா சேத்து அனுமதி குடுத்துட்றேன். அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடம் கழித்துத் தட்டினேன். மறுப்பு.

பிப்ரவரி 8

மறுப்பு. மறுப்பு. க்ர்ர்ர். மறுப்பு.

பிப்ரவரி 9, வியாழன்

தலைமை மருத்துவர் குல்பாரா அக்கா சர்வர் அறைக்கு வந்து காதைப் பெட்டியின்மேல் வைத்துக் கேட்டார். நோயாளியின் முதுகில் காது வைப்பதுபோல.

"இது இருமுது, பெகிமாய்."

"ஆமா அக்கா."

"எத்தன நாள் தாங்கும்?"

எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மாதம் தாங்கலாம். சாயங்காலமே போகலாம். உள்ளேயே நகல் எடுத்து வைக்க இடமில்லை; நிரம்பி வழிகிறது. பெட்டியை நிறுத்திவிட்டுக் கோப்புகளை அப்படியே நகர்த்தலாம்தான். ஆனால் இப்படிக் கத்துகிற டிஸ்க்கை ஒருமுறை நிறுத்தினால் மறுபடி சுழலும் என்று யார் சொல்வது? அந்த வழி வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

பத்தரைக்கு நோயாளி கென்ஜே வந்தாள். சிகிச்சையில் பத்தொன்பதாவது மாதம். தினமும் நர்ஸ் முன்னால் நின்று கைநிறைய மாத்திரையை விழுங்கிவிட்டு, என் அறை வாசலில் இருமல் முகமூடியோடு நின்று, "என்னோடது பத்திரமா இருக்கா?" என்று கேட்பாள். அவள் மூன்று பிள்ளைகளும் கோச்கோர் ஊரில் தங்கை வீட்டில் வளர்கிறார்கள். இருபது மாதம் முடிந்ததும் மருத்துவக் குழு ஒவ்வொரு நாள் மாத்திரையையும் எண்ணிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும். அது இருந்தால்தான் பள்ளிச் சமையலறை வேலைக்குத் திரும்ப முடியும். போன வசந்தத்தில் குழாய் வெடித்து நிலவறையில் இருந்த காகித அட்டைகள் கஞ்சியாகிவிட்டன. அவளுடைய முதல் ஒன்பது மாதம் அக்சகலுக்குள் மட்டும்தான் இருக்கிறது. அவளைப்போல நாற்பத்தாறு பேர்.

"பத்திரமா இருக்கு" என்றேன். பொய் சொன்னேனா? இன்னும் இல்லை.

பிப்ரவரி 11, சனி

அத்தா, என் மாமனார், எங்கள் உப்புத் தேநீரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார். போட்டது தெரியவில்லை. அவரும் குடிக்கிறார், நானும் குடித்தேன், இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவரே, "கடலையே ஊத்தினமாதிரி இருக்கே அம்மாடி, ஏன் சொல்லல?" என்று சிரித்தார். இடது கண் முழுக்கப் பால் படர்ந்துவிட்டது. வலது கண்ணும் பின்னாலேயே போகிறது. இருபதாம் தேதி கண் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்திருக்கிறது, அறுவை.

கடைவீதியில் இறைச்சிக் கத்தி வாங்கப் போனேன். கடைக்காரர் எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டார். "நல்ல... அந்த... பளபளன்னு, துருப்பிடிக்காதது" என்று கையை ஆட்டினேன். அவர் கடையின் பலகையிலேயே அந்த உலோகத்தின் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. மாமனார் பெயரே உலோகமாக இருந்தால் அந்த உலோகத்தையும் சொல்ல முடியாது. கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. "உங்க மாமனாருக்கு அரிசின்னு பேர் வெக்காம போனாங்களே, சந்தோஷப்படுங்க" என்றார்.

என் கணவன் குபாத், ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிற யெகாத்தரீன்பூர்கிலிருந்து ஃபோனில் கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தான். "நான் வேணா அங்க வந்து உனக்காகச் சொல்லிட்டுப் போகவா?" வாயேன். அதற்காகவாவது வா. கட்டடம் ஜூனில்தான் முடியுமாம்.

பிப்ரவரி 14, செவ்வாய்

இன்று நிச்சயம் என்று நினைத்தேன். கதவு ஒன்றில்லை, இரண்டு என்று கண்டுபிடித்தேன். நெட்வொர்க்கிலிருந்து வருகிறவனுக்கு ஒரு வாசல். உள்ளே வந்த பிறகு ஃபோல்டருக்கென்று இன்னொன்று. எர்னிஸ் முதலாவதை மட்டும் திறந்துவிட்டிருந்தான்.

"ஐயோ, என் தப்புதான் அக்கா" என்று இரண்டாவதையும் திறந்தான்.

தட்டினேன்.

மறுப்பு.

மேசையைக் குத்தினேன். கை வலிக்கிறது. வலிக்கட்டும். ஜனவரியிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. எத்தனை நாள் சும்மா இருந்தேன்? ஜன்னல் திரைக்கு ஓரம் தைத்தேன். ஓரம்! நாற்பத்தாறு பேருடைய நாட்கள் ஒரு தேய்ந்த தட்டின்மேல் சுற்றிக்கொண்டிருந்தபோது இந்த அம்மாள் திரைக்கு ஓரம் தைத்தாள்.

பிப்ரவரி 15

வந்த எல்லோருக்கும் திறந்துவிடு என்று எர்னிஸிடம் கெஞ்சினேன். அரை மணி நேரம், யார் தட்டினாலும். "அக்கா, அங்க ஏழு மாகாணத்தோட நோயாளிங்க இருக்காங்க. என்னைத் தூக்கிடுவாங்க" என்றான். அவன் சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

வீட்டில் அத்தாவிடம் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டினேன். அவர் முப்பது வருடம் மலைக் கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்.

"பேரிங் போயிருக்கு" என்றார். "நிறுத்தாத."

"நிறுத்தல அத்தா."

"நவம்பர்ல கிளப்பினா மார்ச் வரைக்கும் எஞ்சின அணைக்கவே மாட்டோம். தூங்கறப்பவும் ஓடும். அணைச்சவன் வசந்தம் வரைக்கும் அங்கயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு என் தட்டில் தன் இறைச்சித் துண்டைத் தடவித் தடவி வைத்தார். அது தட்டில் விழாமல் மேசைவிரிப்பில் விழுந்தது. எடுத்துத் தின்றேன். நல்ல கொழுப்புத் துண்டு.

பிப்ரவரி 17, வெள்ளி

பாஸ்வேர்டு மாற்றிப் பார்த்தேன். சேவையை வேறு பெயரில் ஓட்டலாமா என்றும் யோசித்தேன். அதற்குச் சேவையை நிறுத்திக் கிளப்ப வேண்டும். பழைய டேட்டாபேஸ் கிளம்பும்போது டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் உழும். பயமாக இருக்கிறது, செய்யவில்லை. டக் சத்தம் இப்போது இரண்டு இரண்டாக வருகிறது.

கென்ஜே எனக்குக் கம்பளிச் செருப்பு செய்து கொண்டுவந்தாள். சிவப்பில் ஆட்டுக்கொம்பு வேலைப்பாடு. "சர்வர் அறையில குளிருமே, போட்டுக்கங்க" என்றாள். வாங்கிக்கொண்டபோது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்களன்று ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். நான் இல்லாதபோதும் மணிக்கொருமுறை தானாகத் தட்டும்படி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, திங்கள்

எங்கிருந்து தொடங்குவது.

அத்தாவைக் கண்ணில் சொட்டு மருந்து விட உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். நான் பதிவு ஜன்னலில் வரிசையில் நின்றேன்.

"பெரியவர் பேரு?"

"என் வீட்டுக்காரரோட அப்பாங்க."

"அது சரிம்மா. பேரு?"

"வெள்ளக் கல்பாக் தொப்பி போட்டுக்கிட்டு இப்ப உள்ள போனாரே, அவருதான்."

"இன்னிக்கு மட்டும் ஒம்போது கல்பாக் உள்ள போயிருக்கு."

வரிசையில் சிரிப்பு. பின்னால் நின்ற பெண், "மருமகப்பொண்ணு போல. விடுங்க, சொல்லமாட்டா" என்றாள். நான் பைக்குள் பூர்சோக், பொரித்த மாவு ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியில் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். காது சுட்டது.

ஜன்னல்காரி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். "வீட்டுல நீங்க எப்படி வேணா கூப்பிட்டுக்கங்க. எனக்கு இதுல இருக்கிற பேருதான் வேணும். வேற பேர எழுதினேன்னா உள்ள அவர ஆபரேஷன் தியேட்டர்ல விடமாட்டாங்க."

கை ஜன்னல் விளிம்பில் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டில் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள். உள்ளே விடமாட்டார்கள்.

ஏழு வருடம் முன்னால். கல்யாணமாகி இரண்டு மாதம், வேலையில் முதல் வாரம். செர்கேய் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, தங்கம், வெள்ளி, செம்பு என்று காட்டிக்கொண்டே வந்து சர்வரில் கை வைத்தான். அதன் பெயரைச் சொன்னான். என் மாமனாரின் பெயர்! "எங்க, இப்ப நீ சொல்லு" என்றான். வாயைத் திறந்தேன், மூடினேன். கணக்கறைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று சாயங்காலமே நெட்வொர்க்கின் பெயர்ப் பட்டியலில் அதற்கு அக்சகல் என்று ஒரு செல்லப் பெயரைச் சேர்த்தேன், முன்னால் சீட்டும் ஒட்டினேன். அதன் பிறகு எல்லோருக்கும் அது அக்சகல். எனக்கும்தான். அதற்கு வேறு பெயர் இருப்பதையே மறந்துவிட்டேன்.

ஆனால் பெட்டி மறக்கவில்லை. வெளியே போய்க் கதவைத் தட்டும்போதெல்லாம் அது தன் சொந்தப் பெயரைத்தான் சொல்லியிருக்கிறது. எர்னிஸோ யாருமே சுமக்காத ஒரு பெயருக்கு இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். லிஸ்டில் காணோம் என்று அவன் முதல் நாளே சொன்னான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அத்தாவின் கண்ணை முடித்துக் கட்டுப்போட்டு நடைபாதைப் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எர்னிஸைக் கூப்பிட்டேன்.

"எர்னிஸ், பேரு தப்பு. அக்சகல் இல்ல."

"அப்ப என்ன? சீக்கிரம் சொல்லுங்க அக்கா, ரெண்டு நிமிஷத்துல மீட்டிங், கர்சர் பேர்க் கட்டத்துலதான் நிக்குது."

நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதி அனுப்பியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. பக்கத்தில் அவரே உட்கார்ந்திருக்கிறார், ஒரு கண்ணில் கட்டு, மடியில் கல்பாக்.

"அத்தா, இந்தப் பையன்கிட்ட உங்க பேரச் சொல்லுங்க."

"எதுக்கு? போலீஸா?"

"இல்ல அத்தா. எங்க ஆபீஸ் பெட்டிக்கு."

அவர் ஃபோனை வாங்கினார். முதுகை நிமிர்த்தினார். பெயரைச் சொன்னார். அதோடு விட்டாரா? அப்பா பெயர், பிறந்த வருடம், சாலைத் துறை, இரண்டாவது பிரிவு, வண்டி எண் வரைக்கும் சொன்னார்.

ஃபோனிலிருந்து எர்னிஸின் குரல்: "பெரியவரே, முதல் பேரு மட்டும் போதும்!"

"முழுசா எழுதிக்கோ தம்பி. அப்புறம் ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லக்கூடாது."

நான்கு மணிக்கு அக்சகல் தட்டுகிற நேரம். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு எர்னிஸ் கூப்பிட்டான். கூட்டத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறான். "உள்ள வந்துடுச்சு அக்கா. கோப்பு வளருது. இந்தப் பேரு லிஸ்ட்ல முதல்லேருந்தே இருந்திருக்கு!"

அழுதேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் யார் அழுதாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி. அத்தா என் முழங்கையைத் தேடிப் பிடித்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏழு வருஷமா எம்பேர்ல ஒரு பெட்டி இருக்கா? சொல்லவே இல்லையே."

"எப்படி அத்தா சொல்றது?"

"அதுவும் சரிதான்." மடியிலிருந்த கல்பாக்கைத் திருப்பினார். "என்ன வேலை பாக்குது?"

"நோயாளிங்க என்னிக்கு என்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கு."

"பரவால்ல. நான் காலைல என்ன சாப்பிட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

பூர்சோக்தான் சாப்பிட்டார். அவருக்கும் ஞாபகம் இருக்கிறது, எனக்காகச் சொன்னார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பியதும் நேரே சர்வர் அறை. அறுபத்திரண்டு சதவீதம். லைன் ஆமையாக ஊர்கிறது. க்ர்ர்ர், டக் டக். கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்வதற்கில்லை, ஆனாலும்.

பிப்ரவரி 22, புதன்

காலை 11.40. முடிந்தது. எர்னிஸ் அதை அங்கே வேறொரு கணினியில் விரித்துப் பார்த்தான். நான் தேடிப் பார்க்கச் சொன்ன ஒரே நோயாளி கென்ஜே. பத்தொன்பது மாதமும் இருக்கிறது, நாள் நாளாக. ஒரே ஒரு நாள் காலி: தங்கைக்குப் பிரசவம் என்று போன நாள். அந்தக் காலி நாளை அவன் சொல்லிக் கேட்டதும்தான் முழுசாக நம்பினேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

நேற்று விடுமுறை. இன்று அறையைத் திறந்தால் அமைதி. அக்சகல் போய்விட்டது. குல்பாரா அக்கா வந்து பார்த்துவிட்டு, இறந்த நோயாளிக்கு நேரம் குறிப்பதுபோலக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அத்தாவிடம் சொன்னேன். "கணவாயத் தாண்டின பிறகுதானே நின்னுது?" என்றார். ஆமாம். தாண்டிய பிறகுதான்.

மார்ச் 7

நாளை பெண்கள் தினம் என்று நோயாளிகள் நர்ஸ்களுக்கு மிமோசாப் பூ கொடுத்தார்கள். எனக்கும் ஒரு கொத்து. கென்ஜே, "என்னோடது பத்திரமா இருக்கா?" என்றாள். "இருக்கு" என்றேன், இந்த முறை முகத்தைப் பார்த்து. இன்னும் பதினெட்டு நாள்.

மார்ச் 17, வெள்ளி

புதுப் பெட்டி வந்தது. பழையதைப் பார்க்க வேண்டும் என்று அத்தா வந்தார், நல்ல கோட்டு, நல்ல கல்பாக். மூலையில் கிடந்த அதன் தலையில் கையை வைத்து, "நல்லா ஓடினப்பா" என்றார்.

புதியதற்குப் பெயர் கேட்டுத் திரையில் கட்டம் நின்றது. "இதுக்கும் அக்சகல்னே போட்டுடு" என்றார் குல்பாரா அக்கா. நான் பெயரைத் தட்டினேன். எழுத்துகளைப் பெரிதாக்கினேன். அத்தாவை நாலடி தள்ளி நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"கண்ணு எப்படி இருக்குன்னு பாப்போம். படிங்க அத்தா."

வலது கண்ணைக் கல்பாக்கால் மூடிக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். நடுவில் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. கடைசி எழுத்து வந்ததும் முழுப்பெயராக ஒருமுறை சொன்னார்.

"நீதான் எழுதினியா?"

"நான்தான்."

"வாயால?"

"அத மட்டும் கேக்காதீங்க அத்தா."

இங்கேயும் எழுதவில்லை. எழுத மாட்டேன். வழக்கம் என்பதற்காக இல்லை, எனக்கே அப்படித்தான் வேண்டும்.

நான்கு மணிக்கு முதல் நகல் போனது. பிறகு வீட்டுக்கு நடந்தோம். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. அத்தா கடைப்பலகை ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். ரொட்டி. மருந்து. பூட்டு, சாவி. முடி திருத்துமிடம். ஒவ்வொன்றுக்கும் நான் "சரி" சொன்னேன். கத்திக் கடை வந்தது. நின்றார். அந்த ஆள் உயர எழுத்துகளை அண்ணாந்து பார்த்து, தெரு முழுக்கக் கேட்கும்படி படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரிதான் அத்தா" என்றேன்.